நீந்தினால் மட்டும் போதுமா?
போட்டி நீச்சலில் தாங்குதிறன் பயிற்சியைத் திட்டமிடுதல்

ஒலிம்பிக் நீச்சலில் மிகக் குறுகிய போட்டி 50 மீட்டர். தேர்ந்த நீச்சல் வீரர் அதனை அரை நிமிடத்திற்குள் முடித்துவிடுவார். 400 மீட்டரை நன்கு பயின்ற ஒரு பள்ளி மாணவர் ஐந்து நிமிடங்களில் நீந்திக் கரையேறுவார். இந்த ஐந்து நிமிடங்களுக்காக வாரத்திற்கு 15, 20, சில குழுக்களில் 40 கிலோ மீட்டர் வரையிலும் நீந்துகிறார்கள். இவ்வளவு தொலைவு தேவைதானா? தேவையென்றால், அதனை எவ்வாறு பிரித்து நீந்துவது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பல்கலைக்கழக நீச்சல் குழுவில் இருப்பதோடு, வார இறுதிகளில் சிறிய குழு ஒன்றில் பயிற்றுநருக்கு உதவியாகவும் நான் இருந்து வருகிறேன். பயிற்சி முடிந்து பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “இன்னிக்கு எத்தனை மீட்டர் நீந்துனாங்க?” எண் பெரிதாக இருந்தால் அவர்களுக்கு மகிழ்ச்சி, சிறிதாக இருந்தால் முகம் வாடிவிடும். அந்த எண் மட்டும் பயிற்சியைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது என்பதனை அவர்களுக்குத் தமிழில் விளக்க முயலும்போதெல்லாம் சொற்கள் கிடைக்காமல் தடுமாறியிருக்கிறேன். குளக்கரையில் நாம் பேசுவதெல்லாம் ஆங்கிலமும் மலாயும்தானே! அந்த விளக்கத்தை நிதானமாக எழுதிப் பார்க்க நம் கழகத்தின் ஆண்டிதழ் எனக்கு வாய்ப்பளித்திருக்கிறது.

தாங்குதிறன் என்றால் என்ன?

தாங்குதிறன் என்பது நீண்ட நேரம் நீரில் இருக்கும் திறன் என்று பலர் கருதுகின்றனர். போட்டி நீச்சலுக்கு இந்த விளக்கம் போதாது. மெதுவாக இரண்டு கிலோ மீட்டர் நீந்தக்கூடியவர் 400 மீட்டர் போட்டியில் பாதியிலேயே தளர்ந்துவிடலாம். தேர்ந்தெடுத்த வேகத்தைக் கைவீச்சின் ஒழுங்கு கலையாமல் இறுதிவரை காப்பாற்றும் திறனே போட்டி வீரருக்கு வேண்டிய தாங்குதிறனாகும்.

எடுத்துக்காட்டாக, 400 மீட்டர் ஃபிரீஸ்டைல் நீந்தும் 16 வயது மாணவி ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவரது நேரம் சரியாக 5 நிமிடம். நான்கு நூறுகளையும் தனித்தனியே எழுதினால் 1:10, 1:16, 1:19, 1:15 என்று வருகிறது. முதல் நூறில் அவரிடம் வேகம் இருந்தது; கடைசி நூறில் மனவுறுதியும் இருந்தது. நேரம் பறிபோனது மூன்றாவது நூறில்தான். அதே மாணவி 1:12, 1:15, 1:15, 1:14 என்று நீந்தியிருந்தால் 4:56 ஆகியிருக்கும். நான்கு வினாடிகள்! மாவட்ட அளவிலான போட்டியில் பதக்கத்திற்கும் நான்காவது இடத்திற்கும் உள்ள இடைவெளி பல வேளைகளில் இதைவிடக் குறைவு.

அந்த மூன்றாவது நூறில் நடப்பதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். தொடக்கத்தில் 50 மீட்டருக்கு 40 கைவீச்சு போட்டவர் இப்போது 46 போடுகிறார். கை வேகமாகச் சுழல்கிறது. ஆனால் ஒவ்வொரு வீச்சும் பிடிக்கும் நீர் குறைந்துவிட்டது. ஆகவே, தாங்குதிறன் நுரையீரலிலும் இதயத்திலும் மட்டும் இருப்பதன்று. அது நுட்பத்திலும் இருக்கிறது.

உடலின் மூன்று அடுப்புகள்

நம் தசைகளுக்கு ஆற்றல் மூன்று வழிகளில் கிடைக்கிறது. இவற்றை மூன்று அடுப்புகளாகக் கற்பனை செய்துகொள்ளலாம். முதல் அடுப்பில் எரிவது காய்ந்த ஓலை. குப்பென்று பற்றும், பத்து வினாடிகளுக்குள் அடங்கிவிடும். தசையில் சேமிக்கப்பட்டுள்ள கிரியேட்டின் ஃபாஸ்ஃபேட் என்னும் பொருள்தான் இந்த ஓலை. இரண்டாம் அடுப்பில் எரிவது தேங்காய் மட்டை. வெப்பம் அதிகம், புகையும் அதிகம். உயிர்வளியின் துணையின்றிச் சர்க்கரையை விரைவாக உடைக்கும் வழி இது. மூன்றாம் அடுப்பில் எரிவது நல்ல விறகு. பற்றுவதற்குச் சற்று நேரம் எடுக்கும்; பற்றிய பிறகு நின்று எரியும். உயிர்வளியைக் கொண்டு சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்கும் வழி இதுவாகும்.

ஓர் அடுப்பு அணைந்த பிறகுதான் அடுத்தது பற்றும் என்று எண்ணிவிடக்கூடாது. நீரில் குதித்த கணத்திலேயே மூன்றும் எரியத் தொடங்குகின்றன. நேரம் செல்லச் செல்ல ஒவ்வொன்றின் பங்கு மட்டுமே மாறுகிறது. முழு முயற்சியுடன் ஏறக்குறைய 75 வினாடிகள் இயங்கினால், அதில் பாதி ஆற்றல் உயிர்வளி வழியாகவும் மறுபாதி ஏனைய இரு வழிகளிலும் கிடைக்கிறது. நம் பள்ளி மாணவர்கள் பலருக்கு 100 மீட்டர் நீந்தவே ஏறக்குறைய அந்த நேரம் ஆகிறது. 400 மீட்டருக்கு வந்தால் நான்கில் மூன்று பங்கு ஆற்றல் மூன்றாவது அடுப்பிலிருந்து வருகிறது. 100 மீட்டர் வீரரும் தாங்குதிறன் பயிற்சி செய்வதற்குக் காரணம் இதுவே.

இங்கே ஒரு தவறான கருத்தையும் களைந்துவிட வேண்டும். “லாக்டிக் அமிலம் தேங்கியதால் மறுநாள் உடம்பு வலிக்கிறது” என்று குளக்கரையில் இன்றும் சொல்லக் கேட்கிறோம். கடினமாக நீந்தும்போது இரத்தத்தில் ஏறும் லாக்டேட், நீந்தி முடித்த ஓரிரு மணி நேரத்திற்குள் பழைய அளவிற்கே திரும்பிவிடும். மறுநாள் வலிக்கு அது காரணமாக முடியாது. தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமே அந்த வலிக்குக் காரணம். மேலும், லாக்டேட் வெறும் கழிவும் அன்று. இதயமும் ஏனைய தசைகளும் அதனை எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. பயிற்றுநர்கள் லாக்டேட்டை அளப்பதற்குக் காரணம், எந்த வேகத்தில் அது உருவாகும் அளவு உடல் பயன்படுத்தும் அளவை மிஞ்சுகிறது என்பதை அறிவதற்காகவே. அந்த வேகத்தை நாம் ‘எல்லை வேகம்’ என்று அழைப்போம். தாங்குதிறன் பயிற்சியின் முதுகெலும்பு அதுதான்.

முதலில் அளந்து பார்ப்போம்

எல்லை வேகத்தை அறிய விரல் நுனியில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கும் கருவி உண்டு. நம்மில் எத்தனை பேருக்கு அது கிடைக்கும்? நல்லவேளையாக, ஒரு நிறுத்துக்கடிகாரமும் ஒரு பென்சிலும் இருந்தாலே போதுமான அளவிற்கு நெருங்கிவிடலாம். மாணவரை முழு முயற்சியுடன் 400 மீட்டர் நீந்தச் செய்ய வேண்டும். நன்கு ஓய்வெடுத்த பிறகு, முடிந்தால் மறுநாள், 200 மீட்டர் நீந்தச் செய்ய வேண்டும். இரண்டுக்கும் உள்ள நேர வேறுபாட்டைக் கணக்கிட்டால் எல்லை வேகம் கிடைத்துவிடும்.

நம் மாணவி 400 மீட்டரை 5:00 நிமிடத்திலும் 200 மீட்டரை 2:24 நிமிடத்திலும் நீந்துகிறார் என்போம். வினாடிகளில் சொன்னால் 300, 144. வேறுபாடு 156 வினாடிகள். கூடுதலான 200 மீட்டருக்கு 156 வினாடிகள் என்றால் 100 மீட்டருக்கு 78 வினாடிகள். அதாவது 1:18. இதுவே அவரது எல்லை வேகம்.

இக்கணக்கு உண்மையான எல்லையைவிடச் சற்று வேகமான விடையைத் தருவதுண்டு. ஆகையால், கிடைத்த எண்ணைக் குளத்திலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது. 15 வினாடி ஓய்வுடன் 10 முறை 100 மீட்டரை 1:18இல் நீந்தட்டும். கடைசி மூன்று நூறுகளும் தளராமல் 1:18இலேயே முடிந்தால் எண் சரி. 1:20, 1:21 என்று சரிந்தால் ஒரு வினாடியைக் கூட்டி 1:19 என வைத்துக்கொள்ளலாம். நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இச்சோதனையை மீண்டும் நடத்த வேண்டும். ஏனெனில், மாணவர் முன்னேறிய பின்னும் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தால் கடினப் பயிற்சியும் மெல்ல மெல்ல எளிய பயிற்சியாகிவிடும்.

நான்கு படிகள்

எல்லை வேகம் தெரிந்துவிட்டால் மற்ற வேகங்களை அதிலிருந்தே வகுத்துக்கொள்ளலாம். பயிற்றுநர்கள் ஆறு, ஏழு படிகளாகவும் பிரிப்பதுண்டு. மாணவர்களுக்கு நான்கே போதும் என்பது என் கருத்து.

முதற்படி, எளிய நீச்சல். நம் மாணவிக்கு 100 மீட்டர் 1:30 அல்லது அதைவிட மெதுவாக. பக்கத்தில் நிற்பவரிடம் முழு வாக்கியம் பேசும் அளவிற்கு மூச்சு இருக்க வேண்டும். உடலைச் சூடேற்றவும் தணிக்கவும் கைவீச்சைச் செப்பனிடவும் இது பயன்படும்.

இரண்டாம் படி, அடித்தள வேகம். 1:24 முதல் 1:26 வரை. நீண்ட செட்டுகள், குறைந்த ஓய்வு. 200, 300, 400 மீட்டர் துண்டுகளாக நீந்தலாம். தசைகளைச் சுற்றி நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுவதும், உயிரணுக்களுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா வளர்வதும் இத்தகைய பயிற்சியால்தான்.

மூன்றாம் படி, எல்லை வேகம். 1:17 முதல் 1:19 வரை. 10 முதல் 20 வினாடி ஓய்வு. ஒரு பயிற்சியில் மொத்தம் 1500 முதல் 2000 மீட்டர் வரை. இது ‘வசதியான கடினம்’. முடிக்கும்போது இன்னும் இரண்டு நூறு நீந்த முடியும் என்ற உணர்வு இருக்க வேண்டும்.

நான்காம் படி, போட்டி வேகமும் அதனை ஒட்டியதும். 1:15 அல்லது அதைவிட விரைவாக. 30 முதல் 60 வினாடி வரை ஓய்வு. மொத்தம் 800 முதல் 1000 மீட்டருக்குமேல் போகக்கூடாது. இதயத்தை அதன் உச்சத்திற்குக் கொண்டு செல்லும் பயிற்சி இது. பலன் பெரிது, களைப்பும் பெரிது.

இங்கே ஓய்வு என்பது சோம்பல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொலைவைத் துண்டுகளாக்கி நடுவே அளந்து ஓய்வு கொடுத்தால், தொடர்ந்து நீந்தும்போது எட்ட முடியாத வேகத்தில் அதிக தொலைவு நீந்திவிட முடியும். 1930களில் ஜெர்மனியில் ஓட்டப்பந்தய வீரர்களுக்காக வளர்த்தெடுக்கப்பட்ட முறை இது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகப் பயிற்றுநர் ஜேம்ஸ் கவுன்சில்மன் நீச்சலை அறிவியல் கண்கொண்டு ஆராய்ந்து 1968இல் வெளியிட்ட நூல், இத்தகைய பயிற்சி முறைகள் உலகெங்கும் பரவத் துணை செய்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸ் அவரிடம் பயின்றவர்.

பதினாறு வாரங்களைப் பிரித்தல்

போட்டி நாளை முதலில் நாட்காட்டியில் வட்டமிட வேண்டும். பிறகு அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 16 வாரங்கள் கிடைத்தால் அவற்றை இவ்வாறு பிரிக்கலாம்.

முதல் 4 வாரங்கள் அடித்தளம். இரண்டாம் படி அதிகம். நுட்பப் பயிற்சி அதிகம். வாரத்திற்கு 12 கிலோ மீட்டரில் தொடங்கி 14, 16 என உயர்த்தி நான்காம் வாரத்தில் 11ஆகக் குறைக்கலாம்.

5 முதல் 8 வரை எல்லை வேகக் காலம். தொலைவு ஏறக்குறைய 17 கிலோ மீட்டரில் நிற்கும். மூன்றாம் படி வாரத்திற்கு இருமுறை.

9 முதல் 14 வரை போட்டி வேகக் காலம். தொலைவு சற்றுக் குறையும்; நான்காம் படி கூடும். மாணவியின் இலக்கு 4:50 என்றால் 50 மீட்டருக்குச் சராசரியாக 36 வினாடிக்குச் சற்று அதிகம். ஒரு நிமிடத்திற்கு ஒருமுறை புறப்பட்டு 16 முறை 50 மீட்டரை அந்த வேகத்தில் நீந்துவது இக்காலத்திற்குரிய செட்.

15, 16ஆம் வாரங்கள் தணிப்புக் காலம். அதைப் பின்னர் காண்போம்.

ஒவ்வொரு நான்காவது வாரமும், அதாவது 4, 8, 12ஆம் வாரங்கள், இலகுவாக இருக்கும். உடல் வலுப்பெறுவது பயிற்சியின்போது அன்று. பயிற்சிக்குப் பிந்திய ஓய்வில்தான். சோதனைகளையும் அந்த இலகு வாரத்தின் இறுதியில் வைத்துக்கொண்டால் களைப்பில்லாத உண்மையான எண் கிடைக்கும்.

அடித்தளத்தை ஏன் முதலில் வைக்கிறோம்? பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தை அனுப்பத் தொடங்கிவிடும். ஆனால், தசைக்குள் நிகழும் மாற்றங்களுக்குப் பல வாரங்கள் தேவை. மெதுவாக வருவதற்கு முன்கூட்டியே விதை போட வேண்டும். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தாங்குதிறனைத் தேடத் தொடங்கினால், கிடைப்பது களைப்பு மட்டும்தான்.

ஒரு வாரம், ஒரு நாள்

ஆறாம் வாரத்தை எடுத்துக்கொள்வோம். வாரத்தில் ஐந்து பயிற்சிகள். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம்.

திங்கள்: எல்லை வேகம்.
செவ்வாய்: நுட்பம், கால் உதை, குறுகிய விரைவோட்டங்கள்.
புதன்: ஓய்வு.
வியாழன்: எல்லை வேகம், ஆனால் நீண்ட துண்டுகளாக.
வெள்ளி: எளிய நீச்சலும் அடித்தள வேகமும்; நான்கு பாணிகளும் கலந்து.
சனி: நான்காம் படி. 2 நிமிடத்திற்கு ஒருமுறை புறப்பட்டு 10 முறை 100 மீட்டர், ஒவ்வொன்றும் 1:15.
ஞாயிறு: ஓய்வு.

கடினமான இரண்டு நாட்கள் அடுத்தடுத்து வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இதுதான் வாரத் திட்டத்தின் உயிர்நாடி.

திங்கட்கிழமைப் பயிற்சியை மட்டும் விரித்துப் பார்ப்போம். உடலைச் சூடேற்ற 600 மீட்டர். நுட்பப் பயிற்சி 400 மீட்டர். முதன்மைச் செட்டாக 1:35க்கு ஒருமுறை புறப்பட்டு 15 முறை 100 மீட்டர். கிக்போர்டுடன் கால் உதை 400 மீட்டர். எட்டு முறை 25 மீட்டர் விரைவோட்டம். இறுதியில் மெதுவாக 300 மீட்டர். மொத்தம் 3400 மீட்டர். முதன்மைச் செட்டில் ஒவ்வொரு நூறையும் 1:18இல் முடித்தால் 17 வினாடி ஓய்வு கிடைக்கும். கரையிலிருப்பவர் நேரத்தோடு கைவீச்சையும் எண்ண வேண்டும். நேரம் மாறாமல் கைவீச்சு மட்டும் ஏறிக்கொண்டே போனால், மாணவர் நுட்பத்தை விற்று நேரத்தை வாங்குகிறார் என்று பொருள். அந்த வணிகம் போட்டியில் நட்டத்தில்தான் முடியும். அப்போது செட்டை 12ஆவது நூறிலேயே நிறுத்திவிடுவது மேல்.

தொலைவு கூடினால் பயன் கூடுமா?

1991இல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் டேவிட் காஸ்டிலும் அவருடைய குழுவினரும் பல்கலைக்கழக நீச்சல் வீரர்களை இரு பிரிவாகப் பிரித்து ஆராய்ந்தனர். ஆறு வாரங்களுக்கு ஒரு பிரிவினர் நாளுக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் நீந்தினர். மற்றொரு பிரிவினர் அதே ஒன்றரை மணி நேரத்தைக் காலையும் மாலையும் என இருமுறை நீந்தினர். முடிவில், இருமடங்கு நீந்தியவர்களுக்குக் கூடுதல் பயன் எதுவும் தென்படவில்லை. இந்த ஒரே ஆய்வைக் கொண்டு தொலைவே தேவையில்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. 1500 மீட்டர் வீரருக்கும் திறந்த கடலில் 10 கிலோ மீட்டர் நீந்துபவருக்கும் நீண்ட தொலைவு கட்டாயம் வேண்டும். ஆனால், 100, 200 மீட்டர் நீந்தும் பள்ளி மாணவரை அவர்களைப் போலவே நீந்தச் சொல்வதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

இதை நான் ஏட்டறிவாக மட்டும் எழுதவில்லை. இடைநிலைப்பள்ளிக் காலத்தில் என்னோடு நீந்திய தோழி ஒருத்தி 100 மீட்டர் வீராங்கனை. அவள் வேறொரு குழுவுக்கு மாறினாள். அங்கே எல்லாருக்கும் ஒரே பயிற்சி. நாள்தோறும் 5000 மீட்டர், வாரத்தில் ஆறு நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்திற்கு 30,000 மீட்டர் என்றால் 50 மீட்டர் குளத்தில் 600 நீளம். ஒரு நீளத்திற்கு 40 கைவீச்சு என்றால் 24,000 வீச்சுகள். ஒவ்வொரு தோளும் வாரத்திற்கு 12,000 முறை தலைக்குமேல் சுழல்கிறது. எட்டு மாதங்களில் தலை சீவக்கூட அவளால் கையைத் தூக்க முடியவில்லை. “வலிச்சாதான் பலன்” என்று அவளிடம் சொல்லப்பட்டது. 16 வயதில் நீச்சல் உடையை மடித்து வைத்தவள் மீண்டும் அதை எடுக்கவேயில்லை. எங்களில் மிக வேகமானவள் அவள்தான்.

வலியை அறியும் வழிகள் எளியவை. காலையில் எழுந்தவுடன் நாடித்துடிப்பை எண்ணிக் குறித்து வைக்கலாம்; வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாகச் சில நாள் தொடர்ந்தால் உடல் தேறவில்லை என்று ஐயப்படலாம். தூக்கம், பசி, மனநிலை ஆகியவற்றை ஐந்துக்கு எத்தனை என்று எழுதச் சொல்லலாம். தோளில் கூரிய வலி என்று மாணவர் சொன்னால் அன்றைய செட் அத்துடன் முடிந்தது. பொறுத்துக்கொள்ளச் சொல்வது பயிற்சியாகாது.

கடைசி இரண்டு வாரங்கள்

போட்டி நெருங்கும்போது பெரும்பாலோருக்கு அச்சம் வந்துவிடும். இன்னும் கொஞ்சம் நீந்தினால் நல்லது என்று தோன்றும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. தொலைவைக் குறைக்க வேண்டும், வேகத்தைக் குறைக்கக்கூடாது. 2007இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, இரண்டு வாரங்களுக்குத் தொலைவை 41 முதல் 60 விழுக்காடு வரை குறைத்து, வேகத்தையும் பயிற்சி நாட்களின் எண்ணிக்கையையும் மாற்றாமல் வைத்திருப்பதே சிறந்த பலனைத் தருகிறது என்று காட்டியது. நம் மாணவியின் 16 கிலோ மீட்டர் வாரம் இப்போது 8 கிலோ மீட்டராகும்.

இதனால் கிடைப்பது எவ்வளவு? 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பங்கேற்ற நீச்சல் வீரர்களை ஆராய்ந்தபோது, போட்டிக்கு முந்திய மூன்று வாரங்களில் அவர்களின் நேரம் சராசரியாக 2.18 விழுக்காடு முன்னேறியிருந்தது. ஐந்து நிமிட நீச்சலில் அது ஆறரை வினாடி. பல மாத உழைப்பு தந்த பலனைக் களைப்பு மூடி வைத்திருக்கிறது. தணிப்புக் காலம் அந்த மூடியைத் திறக்கிறது, அவ்வளவுதான். பானைக்குள் ஒன்றும் இல்லையென்றால் மூடியைத் திறந்தும் பயனில்லை.

நம் நாட்டுச் சூழல்

மேலைநாட்டு நூல்களில் காணும் திட்டங்களை அப்படியே நம் நாட்டில் பின்பற்ற முடியாது. முதற்காரணம் வெப்பம். போட்டிக் குளத்தின் நீர் 25 முதல் 28 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும் என்பது அனைத்துலக விதி. நம் திறந்தவெளிக் குளங்களில் பிற்பகல் வேளையில் நீர் 30 பாகையைத் தொடுவது உண்டு. நீரில் இருப்பதால் வியர்ப்பது நமக்குத் தெரிவதில்லை. ஆகவே, தண்ணீர்ப் புட்டி குளத்தின் விளிம்பிலேயே இருக்க வேண்டும். நான்காம் படிப் பயிற்சியைக் காலையில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, மாலை இடிமழை. மின்னல் வெட்டினால் ஊதலை ஊதி எல்லாரையும் கரையேற்றிவிடுவார்கள். ஏற்றவும் வேண்டும். அதற்காகவே அரைமணி நேரத் தரைப்பயிற்சி ஒன்றைத் தயாராக வைத்திருக்கலாம். ரப்பர் பட்டையைக் கொண்டு தோள் பயிற்சி, வயிற்றுத் தசைப் பயிற்சி போன்றவை அதில் அடங்கும். மழையால் தவறிய மீட்டர்களை மறுநாள் சேர்த்து நீந்தச் செய்வது கூடாது. அவை கடன் அல்ல, வட்டியோடு திருப்பிக் கட்டுவதற்கு!

மூன்றாவது, பள்ளி. ஐந்தாம் படிவ மாணவருக்கு எஸ்.பி.எம். தேர்வும் ஒரு போட்டிதான். அவ்வாரங்களில் பயிற்சியை மூன்றாகக் குறைத்து, மூன்றாம் படியை மட்டும் விடாமல் காத்தால் சேர்த்து வைத்த திறனில் பெரும்பகுதி நிலைத்திருக்கும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் தோழர்கள் குழுவில் இருந்தால், கடினப் பயிற்சியை நோன்பு துறந்த பின் இரவுக்கு மாற்றிக்கொள்ளும் குழுக்களும் உண்டு. திட்டம் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால்தான் இத்தகைய மாற்றங்களைப் பதற்றமின்றிச் செய்ய முடியும்.

இத்தனை தடைகளுக்கிடையிலும் நம் நாட்டவர் தாங்குதிறன் வேண்டும் போட்டிகளில் சாதித்திருக்கின்றனர். 2017இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் கூச்சிங்கைச் சேர்ந்த வெல்சன் சிம் 200, 400 மீட்டர் ஃபிரீஸ்டைல் இரண்டிலும் தங்கம் வென்றார். அதே போட்டியில், புத்ராஜெயா ஏரியில் பெண்களுக்கான 10 கிலோ மீட்டரை ஹெய்டி கான் வென்றார். பெண்களுக்கு 1500 மீட்டர் போட்டியை ஒலிம்பிக் சேர்த்துக்கொண்டது 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில்தான் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

முடிவாக

வசதி மிகுந்த குழுவிடம் இரத்தப் பரிசோதனைக் கருவியும் உடலியல் வல்லுநரும் தனிக் குளமும் இருக்கும். அவர்கள் சில மணி நேரத்தை வீணாக்கினாலும் தாங்கிக்கொள்வார்கள். நம்மில் பலரின் நிலை வேறு. நான் படித்த தமிழ்ப்பள்ளியில் விளையாட்டு என்றால் ஓட்டமும் நெடுந்தாண்டுதலும்தான். நீச்சல் எனக்கு அறிமுகமானதே இடைநிலைப்பள்ளியில். இப்படித் தாமதமாக வந்து, நகராண்மைக் கழகக் குளத்தில் பொதுமக்களுக்கு நடுவே ஒரு தடத்தைப் பகிர்ந்துகொண்டு, வாரத்திற்கு ஏழு மணி நேரமே நீந்தக் கிடைக்கும் பிள்ளைகளுக்குத்தான் திட்டம் அதிகம் தேவை. கையில் இருக்கும் பணம் குறைவாக இருந்தால்தானே வரவு செலவுக் கணக்கு எழுதுகிறோம்?

ஆகவே, நீச்சல் வீரர்களான தோழர்களுக்கும், நீச்சல் பயிலும் பிள்ளைகளைப் பெற்றிருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை குளக்கரைக்குச் செல்லும்போது “எத்தனை மீட்டர்?” என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். “இன்றைய பயிற்சி எதற்காக?” என்றும் கேளுங்கள். நல்ல பயிற்றுநருக்கு அக்கேள்வி பிடிக்கும். பதிலும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும். பதில் வராத இடத்தில் உங்கள் பிள்ளை நீந்தும் மீட்டர்களையும், அவற்றைச் சுமக்கும் தோள்களையும் நீங்கள்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.